வெறும் தட்டு அனுப்பாத ஊர்

ஆவணி பிறந்த வெள்ளிக்கிழமை, தூத்துக்குடியில் சங்குக்காரத் தெரு முனையில் பழைய ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில், தஸ்நேவிஸ் பர்னாந்து என்பவர் ‘முத்து சூஷி’ என்ற பெயரில் ஒரு ஜப்பானியக் கலவை உணவகம் திறந்து, கடைக்குள் பதினெட்டு மீட்டருக்கு ஒரு ரப்பர் பெல்ட்டை வளைத்துப் போட்டு, அதன் மேல் சின்னச் சின்னத் தட்டுகளில் சோற்றுருண்டையும் மேலே பச்சை மீன் துண்டுமாக ஊர்வலம் விட்டார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அந்த பெல்ட் கிழக்கு ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, தெருவோரமாக இடுப்புயரத்தில் இருபதடி போய், வளைந்து திரும்பி, மேற்கு ஜன்னல் வழியாகக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

யாரும் மலைத்துப் போகவில்லை. துறைமுக ஊர் அது. கப்பலில் வந்த நிலக்கரி பெல்ட்டில் ஏறி மைல் கணக்காகப் போவதைப் பார்த்து வளர்ந்த ஜனம், கரியே போகும்போது சோறு போனால் என்ன என்று நினைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் கிடந்த சைக்கிளையும் கோலப்பொடி டப்பாவையும் கொஞ்சம் நகர்த்தி வைத்து அதற்கு வழிவிட்டது. அந்த பெல்ட்டைத் தாங்கக் கீழே ஒரு கால் கூட இல்லை. இதைக் கவனித்த ஒன்றிரண்டு பேரும் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள், பிறகு மறந்தும் போனார்கள்.

பார்த்த கணத்திலிருந்து தூக்கம் கெட்டுப் போனவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிறவள், வயது நாற்பத்தாறு. ஆவணி இருபத்தேழாம் தேதி அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, அந்தக் கடையில், அந்த உயரமான நாற்காலியில், புருஷன் பலவேசத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. கேட்பதற்கு லேசாக இருக்கிறது, இல்லையா? பலவேசத்தைத் தெரிந்தவர்கள் யாரும் அதை லேசு என்று சொல்ல மாட்டார்கள்.

பலவேசம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்புக் குவியல்களை நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிறுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆள் கிடையாது. வீட்டில் செருப்பு, சீப்பு, சாவி எதுவானாலும் ஜோடி சேர்த்து நேராக வைத்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். அப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்தைந்து வருஷமாக வீட்டுக்கு வெளியே ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களை வாழ்த்திவிட்டு வந்து வேனில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பார். கோயில் பிரசாதத்தைக் கூட இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றம் தாண்டிய பிறகுதான் வாயில் போடுவார். சாமி கோவித்துக்கொள்ளாதா என்று கேட்டால், சாமி மட்டும் வெளியவா சாப்பிடுது என்பார்.

காரணம் ஊருக்குத் தெரியாது, தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். கல்யாணமான ஒன்பதாம் நாள் மதுரையில் ஒரு ஏசி ஹோட்டலுக்கு அவளைக் கூட்டிப்போனார். பிரியாணி வந்தது. கரண்டியாலும் முள்கரண்டியாலும் தட்டுத் தடுமாறிப் பாதி சாப்பிட்டவர், தண்ணீர் குடிப்பதற்காக இரண்டையும் தட்டில் வைத்தார். வைத்தவர் தன் வழக்கப்படி ஜோடி சேர்த்து நேராக வைத்தார். சர்வர் வந்தான், தலையைத் தாழ்த்தினான், பாதிப் பிரியாணியோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பலவேசத்தின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். புதுப்பெண்ணான தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வெட்கமும் பயமுமாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கரண்டிகளை அப்படி ஜோடியாக வைத்தால் சாப்பிட்டு முடிந்தது என்று அர்த்தமாம்; பல வருஷம் கழித்து பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்தும் பலவேசம் மாறவில்லை. “யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார். அந்த ‘யாராவது’ சர்வரை மட்டும் சொன்னதில்லை என்று அவளுக்கு அன்றிலிருந்து ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

பெல்ட் இதற்குள் பூசணிக்கொடி மாதிரி நீண்டுகொண்டே போனது. சங்குக்காரத் தெருவை முடித்து, பனைமரத் தெருவுக்குள் திரும்பி, சலூனுக்குள் நுழைந்து வெளியேறி, மினி பஸ் நிறுத்தத்தைச் சுற்றி வந்தது. ஆக்கிரமிப்பு என்று யாரோ எழுதிப்போட, மாநகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்தார். காலையில் முந்நூறு அடி இருந்தது மாலையில் ஐந்நூறு அடி இருந்ததால், ‘அளக்கும்போதே வளர்கிறது, ஓரிடத்தில் நில்லாததை ஆக்கிரமிப்பு என்று கொள்ள இயலாது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு தட்டு எடுத்துச் சாப்பிட்டுப் போனார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தால் பெல்ட் முதுகைத் தூக்கி வழிகொடுத்தது. சலூன் சிங்கத்துரையின் நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்தவர்கள் கையை மட்டும் நீட்டிச் சாப்பிட்டார்கள். சைவ வீடுகளைத் தாண்டும்போது மீன் தட்டுகள் வேகமாகவும் வெள்ளரிக்காய்த் தட்டுகள் நின்று நிதானித்தும் போயின. பூனைகள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ரேஷன் கடையில் கூடக் காணாத ஒழுங்கோடு, தங்களுக்கு முன்னால் நின்ற தட்டை மட்டும் எடுத்துக்கொண்டன.

தட்டோரத்தில் பச்சையாகக் கொஞ்சம் விழுது இருக்கும். புதினாத் துவையல் என்று நினைத்து அதை அப்படியே வழித்து வாயில் போட்டதில், முதல் நாள் பனைமரத் தெரு மொத்தமும் இழவு வீடு மாதிரி கண்ணீர் விட்டு அழுதது. அழுது முடித்ததும் வருஷக்கணக்கான மூக்கடைப்பெல்லாம் திறந்துவிட்டதால், அதற்குப் பிறகு அதை மருந்து என்று பத்திரமாகச் சுரண்டி எடுத்து வைத்தார்கள்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம் பெல்ட் தங்கபுஷ்பத்தின் அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மிக்ஸியை உரசாமல் வளைந்து, பலவேசம் சாப்பிட உட்காரும் பலகைக்கு நேர் முன்னால் போய், கூடத்து ஜன்னல் வழியாக வெளியேறியது. பலவேசம் ரசஞ்சோற்றில் கை வைத்தபடி அதைப் பார்த்தார்.

“இது என்னட்டி?”

“சூஷி. நம்ம வீட்டுக்கே வந்திட்டு பாத்தியளா!” தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சென்று வந்தது. “ஒண்ணு எடுத்து வைக்கட்டா?”

“வெளிச்சாப்பாடு எனக்கு ஆகாது.”

“வீட்டுக்குள்ள இருக்கது எப்படிங்க வெளிச்சாப்பாடு?”

“உள்ள வந்திட்டா வெளியில உள்ளது உள்ளதாயிருமா? கொசுவுந்தான் உள்ள வருது,” என்று சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினார். ஆனால் ஒவ்வொரு தட்டும் போகும்போது அவர் கண்ணும் கூடவே போய்த் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் ஒரு தட்டு எடுத்தாள். சூரை மீன். ஊரில் குழம்பு வைத்தும் மாசிக் கருவாடாகக் காயப்போட்டும் சலித்துப்போன அதே சூரை, இங்கே சிவப்புப் பட்டுத் துணி மாதிரி சோற்றின் மேல் படுத்திருந்தது. வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். கடலை முதல் தடவை பார்த்த பிள்ளை மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது. தின்று முடித்துத் தட்டைக் கழுவித் துடைத்து பெல்ட்டில் வைக்கப் போனபோதுதான் கை தயங்கியது. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பும் பழக்கம் அந்தக் கைக்கு இல்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பதுதான் முறை. சுற்றுமுற்றும் பார்த்து, டப்பாவிலிருந்து முந்திரி மக்ரூன் நாலை எடுத்துத் தட்டில் அடுக்கி அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு ரூபி அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தபின் அவளால் மட்டும் வெறும் தட்டு அனுப்ப முடியுமா? கருவாட்டுப் பொரியல் வைத்தாள். அடுத்த வீட்டில் சீனிக்கிழங்கு. அதற்கடுத்த வீட்டில் பணியாரம். ரெண்டே நாளில் கிழக்கு ஜன்னல் வழியாகச் சூஷியாகப் போன தட்டெல்லாம் மேற்கு ஜன்னல் வழியாக எண்ணெய்ப் பரோட்டாவாகவும் மீன் புட்டாகவும் கருப்பட்டி மிட்டாயாகவும் திரும்பி வந்தன. தஸ்நேவிஸ் பன்னிரண்டு வருஷம் கப்பலில் சமைத்து, ஆறு வருஷம் ஜப்பானில், கோபே துறைமுகத்தில் மீன் நறுக்கியவர். மேற்கு ஜன்னலடியில் நின்று ஒவ்வொரு தட்டாக ருசி பார்த்தார். மூன்றாம் நாள் ருசி பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், அன்றைக்குப் பச்சை விழுது தொட்டிருக்கவில்லை. பிறகு மீன் புட்டைச் சோற்றுக்குள் வைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டினார், மக்ரூனைப் பொடித்து இஞ்சி ஐஸ்கிரீமில் தூவினார், அடுத்த சுற்றில் அவை பெல்ட்டில் போயின. கலவை உணவகம் என்று பெயர்ப்பலகையில் முதல் நாளே எழுதி வைத்திருந்தாலும், உண்மையாகவே கலந்தது இப்போதுதான் என்று அவரே எல்லோரிடமும் சொன்னார்.

பெல்ட் எல்லோர் வீட்டுக்கும் வந்த பிறகும், கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. தன் வீட்டுப் பணியாரத்தை ஊர் எப்படித் தின்கிறது என்று பார்க்க ஆசைப்படாதவர் யார்?

இருபத்தேழாம் தேதி காலையில் தங்கபுஷ்பம் கேட்டே விட்டாள். “இன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வாரியளா?”

பலவேசம் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டே சொன்னார். “வீட்டுக்கே வருதுலா. பொறவு எதுக்கு அங்க போணும்?”

“எனக்குத் தட்டு பெரிசில்லங்க. நீங்க எம் பக்கத்துல உக்காரணும். அதுதான் வேணும்.”

அவர் நேராக இருந்த செருப்பை இன்னொரு தடவை நேராக்கினார். “நீ போய்ட்டு வா புஷ்பம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் போனாள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை, தனியாக. ரெண்டு நாற்காலி சொல்லி வைத்திருந்தாள், ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் கைப்பையை வைத்தாள். கடை ஜேஜே என்று இருந்தது. அழுகை வந்தது, ஆனால் பட்டு கட்டிக்கொண்டு அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டு, முன்னால் வந்த சூரைத் தட்டை எடுத்து, தலையிலிருந்து ஒரு கண்ணி மல்லிகையைப் பிய்த்து மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, கிழக்கு ஜன்னல் பக்கம் போகிற பெல்ட்டில் திரும்ப வைத்தாள். பிறகு ரூபி அக்காவுக்குப் போன் போட்டாள்.

“யக்கா, பூ வச்ச தட்டு ஒண்ணு வரும். அவிய என்ன செய்தாவன்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

இருபது நிமிஷம் கழித்து போன் வந்தது. ரூபி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “தட்டு வந்திட்டு! அண்ணாச்சி எடுத்துட்டாவ! பூவை மோந்து பாக்காவ... சட்டைப் பையில போட்டுக்கிட்டாவ!”

“சாப்பிட்டாவளா?”

“சாப்பிடல... மீனைக் கிண்ணத்துல மாத்தி ஃப்ரிட்ஜில வச்சிட்டாவ.”

தங்கபுஷ்பத்துக்கு முகம் விழுந்துவிட்டது. “ஆனா தட்டு இப்ப வெறுசால்லா இருக்கு,” என்றாள் ரூபி அக்கா. “கையில வச்சிக்கிட்டு முழிக்காவ.”

முழிக்காமல் என்ன செய்வார்? வெறும் தட்டை அனுப்பும் வளர்ப்பு பலவேசத்தினுடையதும் இல்லை. மக்ரூன் டப்பா காலி, சீனி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் கழித்து ரூபி அக்கா மறுபடி கூப்பிட்டாள். “அடுப்புப் பத்த வச்சிட்டாவ! உளுந்து வறுக்க மணம் வருது!”

தஸ்நேவிஸ் கையில் கத்தியோடு பக்கத்தில் வந்து நின்றார். “ஸ்பீக்கர்ல போடுங்கம்மா, நாங்களும் கேக்கோம்.” கடை மொத்தமும் அமைதியாகி, குக்கர் விசில் ஒவ்வொன்றையும் கூடவே எண்ணியது. உளுந்தஞ்சோறு. பலவேசத்துக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. மகள் பிறந்தபோது தங்கபுஷ்பத்தின் இடுப்புக்குப் பலம் என்று நாற்பது நாள் அவர் கையால் கிண்டிப்போட்டது. “உருண்டையா பிடிக்காவ,” என்றாள் ரூபி அக்கா, “மேல எள்ளுத் துவையலை வழிச்சு வைக்காவ, பெல்ட்டுல போறதைப் பாத்துப் பாத்து அதே மாதிரி செய்தாவ! மூணு உருண்டை! வச்சிட்டாவ... கதவைப் பூட்டுதாவ... ஏ புஷ்பம், தட்டு கூடவே நடந்து போறாவ!”

கடையில் விசில் பறந்தது. தங்கபுஷ்பம் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

அடுத்து சலூன் சிங்கத்துரை கூப்பிட்டார். “மைனி, அண்ணாச்சி எங்கடைக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கமா போறாவ. கஸ்டமர் ஒருத்தர் அந்தத் தட்டுல கை வைக்கப் போனாரு. ‘இது எம் பொண்டாட்டிக்குப் போற தட்டு, பாதி வழியில யாரும் எடுக்கக் கூடாது’ன்னு ஒரு அதட்டல் போட்டாவ பாருங்க, அவருக்கு மீசை தப்பிச்சது என் கைவாகுதான்!” பிறகு மினி பஸ் நிறுத்தத்துப் பூக்காரி. பூனைகள் எழுந்து நின்று வழிவிட்டதாகச் சொன்னாள். உப்பளத்து வெயிலில் கறுத்த அந்த மனிதர், இடுப்பில் கட்டிய சாரமும் பித்தான் மாறிப்போட்ட சட்டையுமாக, ஒரு தட்டுக்குக் காவலாக ஊரைச் சுற்றி நடந்து வந்துகொண்டிருந்தார்.

மேற்கு ஜன்னல் வழியாகத் தட்டு உள்ளே வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பலவேசத்தின் முகம் தெரிந்தது. தட்டு நுழையலாம், ஆள் நுழைய முடியாது. அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கூப்பிடவில்லை. கைப்பையை மட்டும் எடுத்துப் பக்கத்து நாற்காலியைக் காலி செய்தாள்.

முகம் மறைந்தது. பிறகு வாசல் கதவு திறந்தது. செருப்பை வெளியே கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டு அவர் வெறுங்காலோடு உள்ளே வந்தார். கடை திறந்த நாளிலிருந்து ஜப்பான் முறைப்படி செருப்பைக் கழற்றி வந்த முதல் ஆள் அவர்தான் என்று தஸ்நேவிஸ் நெகிழ்ந்துபோய்க் குனிந்து வணங்கினார். பலவேசமும் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் குனிந்தார்.

“சூடு ஆறிரும். சாப்பிடு,” என்றார் அவளிடம், உட்கார்ந்தபடி.

அவள் ஓர் உருண்டையைச் சாப்பிட்டாள். உப்பு தூக்கல். உப்பள மேஸ்திரியல்லவா. அவளுக்கு அது அமிர்தமாக இருந்தது.

தஸ்நேவிஸ் அவருக்கு முன்னால் சூரை வைத்த தட்டொன்றையும், இரண்டு குச்சிகளையும் வைத்தார். பலவேசம் நெளிந்தார். “வெளிய சாப்பிடுதது இல்லன்னு...”

“நம்ம அடுக்களையில போற அதே பெல்ட்டுக்கு முன்னாலதான் இப்பவும் இருக்கிய,” என்றாள் தங்கபுஷ்பம். “என்ன, பலகை கொஞ்சம் உயரம்.”

அவர் யோசித்தார். கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது, பிறகு அவர் முகத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின மாப்பிள்ளைக் களை வந்து உட்கார்ந்தது. “ஏட்டி, சூரையா இது!” என்றார். தண்ணீர் எடுப்பதற்காக, தொடாமலே கிடந்த குச்சிகள் இரண்டையும் தள்ளி வைத்தார். தட்டின் மேல், ஜோடி சேர்த்து, நூல் பிடித்த மாதிரி நேராக.

பின்னாலிருந்து வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்தாள். தலையைத் தாழ்த்தினாள். தட்டில் கை வைத்தாள்.

பலவேசத்தின் கை அந்தரத்தில் நின்றது.

“தட்டைத் தொடாதம்மா!” தங்கபுஷ்பத்தின் குரல் கடைச் சுவரில் மோதித் திரும்பியது. அவள் உள்ளங்கை தட்டின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. “அவிய இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

பெல்ட் நின்றது. திறந்த நாளிலிருந்து ஒரு கணமும் நிற்காத பெல்ட், கடையில், சலூனில், மினி பஸ் நிறுத்தத்தில், ஊரின் அத்தனை அடுக்களைகளிலும் அப்படி அப்படியே நின்றது. ஜனம் நீட்டிய கையோடு காத்திருந்தது. அந்தப் பெண் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். பலவேசம் அவளைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

“இதைச் சொல்ல இவ்வளவு நாளா புஷ்பம்?” என்றார்.

“சொல்லிட்டேன்லா,” என்றாள் அவள். அவள் அழுதுகொண்டிருந்தாள், பட்டு கட்டியிருந்தது நினைவில்லை.

அவர் இரண்டாவது துண்டை எடுத்தார். அவசரமே படாமல், ஊர் மொத்தமும் காத்திருக்கிறது என்று தெரிந்தும், மென்று மென்று சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். காலித் தட்டைப் பார்த்தார். பிறகு தான் கொண்டுவந்த உளுந்தஞ்சோற்றில் ஓர் உருண்டையை எடுத்து அதில் வைத்து, ஓரமாக நின்ற அந்தப் பெண்ணிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

“இந்தா தாயி, இப்ப எடுத்துக்கோ. வெறும் தட்டா குடுக்கக் கூடாது.”

அவள் வாங்கிக்கொண்டாள். பெல்ட் ஓட ஆரம்பித்தது.